ஒரு வலிக்கு இரண்டு சீட்டு

ஜனவரி 9

மகளின் அப்பாவுக்கு,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று கண்டுகொண்ட குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மையார், "இனிமே எதுவானாலும் தாள்ல எழுதுங்க. எழுதினா கத்த முடியாது" என்றார். எழுத்திலும் கத்த முடியும் என்பதைத் தையல் ஆலையின் வாயிலில் நின்று பதினாறு ஆண்டுகளாகத் தொழிற்சங்கத் துண்டறிக்கை எழுதிவரும் என்னிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். போகட்டும். அவர் சொற்படியே எழுதுகிறேன்.

செய்தி இதுதான். நேற்று மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று. இரண்டாண்டு அது இருக்கும். மாதம் ஒருமுறை இறுக்குவார்கள். இறுக்கிய பின் நான்கு நாள் வலிக்கும். கடித்துத் தின்ன முடியாது. வலி தாங்காவிட்டால் கொடுக்க மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். பாராசிட்டமால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும், வீக்கத்தை அடக்குகிற வேறு வகை மாத்திரைகள் பல் நகர்வதையே தாமதப்படுத்தக்கூடும் என்றும் எச்சரித்தார். சீட்டு என்னிடம் இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நாம் இருவரும் கையெழுத்திட்ட விதியை மட்டும் மறவாதீர்கள். அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டிலும், இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டிலும் அவள் எடுக்கக் கூடாது. நாமும் கேட்கக் கூடாது. பதினான்கு வயதுப் பெண்ணை ஒற்றர் வேலைக்கு அமர்த்த வேண்டாம் என்பதில்தான் நாம் கடைசியாக ஒத்துப்போனோம்.

கடிதங்கள் அவள் பள்ளிப்பையின் வெளியறையில் இருக்கும். உறையை ஒட்டி அனுப்புங்கள்.

மகளின் அம்மா

*

ஜனவரி 14

அணிலின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பியையும் பார்த்தேன். சிரிக்கச் சொன்னேன், உதட்டை மூடிக்கொண்டே சிரித்தாள். இதுவரை அவள் அப்படிச் சிரித்ததில்லை.

முன்பற்கள் இரண்டு சற்றே முன்வந்து நிற்பது அவளுக்கு நான் கொடுத்தது. என் வாயில் அது இருந்ததை மணம் முடித்த அன்றே நீ பார்த்தாய்; குறையென்று சொல்லவில்லை. அதனால்தான் பல் முளைத்த வயதிலேயே அவளுக்கு அணில் என்று பெயர் விழுந்தது, அப்போது நீயும்தான் அப்படிக் கூப்பிட்டாய். பிரிந்தபின் என் சட்டைகளை மூட்டை கட்டி அனுப்பினாய். என் கருவிப்பெட்டியை அனுப்பினாய். உன் வீட்டில் எனதென்று மிச்சமிருந்தது மகளின் வாயிலிருந்த இரண்டு பல். அதையும் கம்பி போட்டு இழுத்து ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டாய். பள்ளியில் கேலி செய்கிறார்கள், அவளே கேட்டாள் என்பாய். இருக்கலாம்.

சீட்டு உன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தாய். ஏன், நான் என்ன அவளுக்கு வாடகைக்கு அமர்த்திய அப்பனா? ஊர்க் குடிநீர் நிலையத்தில் முதல் வேலைமுறை முடிந்ததும் நானே நேராகப் பல் மருத்துவரிடம் போனேன்.

"அம்மாகிட்ட கொடுத்தாச்சே சார். போன்ல ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன்" என்றார்.

"நாங்க அப்படியெல்லாம் பேசிக்கிறதில்ல மேடம்."

"ஒரு பிள்ளைக்கு எதுக்கு சார் ரெண்டு சீட்டு?"

"பிள்ளைக்கு ரெண்டு வீடு மேடம்."

அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே என் வீட்டில் அவளுக்கு வலித்தால் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள், போராடு என்று மேடையில் சொல்கிறவள் நீ. அந்தப் பாடத்தை அவளுக்கு எடுக்காதே. அவளால் இப்போது பல்லைக் கடிக்கவும் முடியாது.

அணிலின் அப்பா

*

பிப்ரவரி 6

மகளின் அப்பாவுக்கு,

சென்ற வாரம் அவள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பையில் மூன்று பொருள் வைத்தனுப்பினேன். கம்பி உதட்டைக் குத்தினால் அதன்மேல் ஒட்டிக்கொள்ள மெழுகு. வாய் கொப்பளிக்க உப்புப் பொட்டலம். மசித்து வடித்த காய்ச்சாறு ஒரு குடுவை நிறைய. மூன்றும் திரும்பி வந்தன. குடுவையின் மூடியில் ஒட்டியிருந்த தாளில் உங்கள் கையெழுத்து: "இங்கே எல்லாம் இருக்கிறது."

எல்லாம் இருக்கிறது என்று ஒரு தாயிடம் எழுதத் துணிந்த கை, அந்தச் சாற்றைப் பிள்ளைக்கு ஊற்றத் துணியவில்லையே. உப்பில்கூடவா என் வாடை அடித்தது? பசியோடு வந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறாள்; நான் கேட்கக் கூடாது; அவள் சொல்லக் கூடாது. நல்ல விதி செய்தோம். உங்கள் வீட்டில் அவள் என்ன தின்றாள் என்பதை அவள் மெலிந்த கன்னத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

எனக்கு அச்சமாக இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் முதுகுவலிக்குத் தின்கிற அந்தச் சிவப்பு மாத்திரைகள் சாப்பாட்டு மேசையில் நீர்க்கூசாவுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். பன்னிரண்டாண்டு பார்த்தவள் நான். தலைவலித்தாலும் அதுதான், காய்ச்சலடித்தாலும் அதுதான், யாருக்கு என்ன வந்தாலும் "இத ஒண்ணு போடு, சரியாயிடும்" என்பதுதான் உங்கள் மருத்துவம். மருத்துவர் வேண்டாமென்ற வகை அது. அதை மகளின் வாயில் போட்டுவிடாதீர்கள். இதைக் கெஞ்சலாகக் கொண்டாலும் சரி, எச்சரிக்கையாகக் கொண்டாலும் சரி.

பதினைந்தாம் நாள் கம்பி இறுக்குகிறார்கள். மறுநாள் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அந்த வாரம் உங்களுடையது.

மகளின் அம்மா

*

பிப்ரவரி 10

அணிலின் அம்மாவுக்கு,

என் மேசையில் என்ன கிடக்கிறது என்பது இனி உன் பொறுப்பில் இல்லை. சீட்டு என்னிடம் இருக்கிறது. எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மருந்துக்கடைக்காரர் கொடுத்ததைச் சீட்டோடு ஒப்பிட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. கடிகாரத்தில் மணியடிக்கும்படி வைத்து, தண்ணீரோடு கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பேன். மூன்று பெரிய இறைப்பிகளை மணி தவறாமல் ஓட்டி இந்த ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவன், ஒரு மாத்திரையை மணி தவறாமல் கொடுக்க மாட்டேனா?

அவள் பையில் இனி ஒன்றும் வைத்தனுப்பாதே. வைத்தால் வந்த வழியே திரும்பும். அவள் என் வீட்டுக்கு விருந்தாளியாக வரவில்லை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவதற்கு.

அணிலின் அப்பா

*

பிப்ரவரி 20, மருத்துவமனை

அணிலின் அம்மாவுக்கு,

ஒரு நேரத்தில் ஒருவர்தான் கட்டிலருகே இருக்கலாம் என்கிறார்கள். நீ வந்ததும் நான் எழுந்து வெளியே போக வேண்டும். நடுவில் வாசலில் நின்று பேசினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் எழுதிச் செவிலியரிடம் கொடுக்கிறேன். படித்துவிட்டு உள்ளே போ.

அவள் இப்போது தூங்குகிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் காலையில்தான் சொன்னார். கையில் ஏறுவது நச்சு முறிவு மருந்து. ஈரல் காயப்பட்டிருக்கிறது, ஆனால் தேறிவிடும் என்கிறார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பதினாறாம் நாளிலிருந்து, சொன்னபடி ஆறு மணி நேரத்துக்கு ஒன்று கொடுத்தேன். வாய் வலியென்று அவள் எதுவும் சரியாகத் தின்னவில்லை, வாழைப்பழமும் பாலும்தான். நேற்றுக் காலை வாந்தி. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மதியம் மறுபடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் இரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாராசிட்டமால் எத்தனை கொடுத்தீங்க?" என்றார். ஒரு நாளைக்கு நான்கு என்றேன். "நாலுக்கு இப்படி ஆகாதே. உண்மைய சொல்லுங்க சார்." சத்தியமாக நான்குதான் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அவளிடம் போய்க் குனிந்து, "நீயா ஏதாவது சேத்துப் போட்டுக்கிட்டியா பாப்பா? யாராவது திட்டினாங்களா?" என்று கேட்டார். அவளாகவே உயிரை விட முயன்றாளோ என்றுதான் அவர் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நானா எதுவும் போடல. அம்மா மாத்திரைய அம்மா சொன்ன நேரத்துல போட்டேன். அப்பா மாத்திரைய அப்பா குடுத்த நேரத்துல போட்டேன்."

பையைத் திறந்து பார்த்தோம். கணக்குப் பெட்டிக்குள் கைக்குட்டையில் சுற்றி உன் மாத்திரை அட்டை இருந்தது. உன்னுடையது உருண்டை, என்னுடையது நீளம். அட்டையின் நிறம் வேறு, பெரிய எழுத்தில் இருந்த பெயர் வேறு. மருத்துவர் இரண்டையும் திருப்பிப் போட்டுக் கீழே பொடியெழுத்தில் இருந்ததன் மேல் பேனாவால் கோடிழுத்தார். இரண்டிலும் பாராசிட்டமால்.

"ஏன்மா அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டுல கூடாது சார். கையெழுத்தெல்லாம் போட்டிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு நாளைக்கு எட்டு. நான்கு நாள். முப்பத்தாறு கிலோப் பிள்ளை.

மறைத்து அனுப்பியது நீ.

அணிலின் அப்பா

*

பிப்ரவரி 21, மருத்துவமனை

மகளின் அப்பாவுக்கு,

ஆம், மறைத்து அனுப்பியவள் நான். வெளிப்படையாக அனுப்பியதைத் திருப்பியவர் யார் என்பதையும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மெழுகைத் திருப்பினீர்கள். உப்பைத் திருப்பினீர்கள். சாற்றைத் திருப்பினீர்கள். வைத்தால் வந்த வழியே திரும்பும் என்று எழுதிக் கையெழுத்தும் இட்டீர்கள். உங்கள் மேசைமேல் கிடந்த சிவப்பு மாத்திரை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால் கைக்குட்டையில் சுற்றினேன். கணக்குப் பெட்டிக்குள் வைத்தேன். "மணி தவறாம போட்டுக்கோ, அப்பாகிட்ட காட்டிக்காதே" என்றேன். "அப்பா ஒண்ணு குடுத்தா?" என்று அவள் கேட்டாள். கேட்டாள், எழுதிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து கேட்ட பிள்ளைக்கு நான் சொன்ன விடை: "அந்த வீட்டு விசயம் எனக்கு எதுக்கு?"

ஆயிரம் பேர் கூடிய வாயிலில் கேள்விக்குக் கேள்வி விடை சொன்னவள் நான். என் பிள்ளை கேட்ட ஒரே கேள்வியை விதியைக் காட்டித் தள்ளிவிட்டேன்.

அவள் கீழ்ப்படிந்தாள். அதுதான் அவள் செய்த ஒரே தவறு. என் சொல்லைக் கேட்டாள், உங்கள் சொல்லையும் கேட்டாள், நாம் இருவரும் சேர்ந்து சொன்ன அந்த ஒரே சொல்லையும் கேட்டாள். ஒரு சொல்லை மீறியிருந்தாலும் இந்தக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டாள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் நாளே கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது என்று செவிலியரிடம் சொன்னீர்களாம். மூன்றாம் நாளே என்னை ஒருமுறை அழைத்திருந்தால் உங்கள் நாக்கு அழுகியா போயிருக்கும்?

மகளின் அம்மா

*

மார்ச் 3

அணிலின் அம்மாவுக்கு,

அவள் தேறி என் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. சோர்வு இருக்கிறது; பசி திரும்பிவிட்டது.

நீர்நிலையத்தில் ஒருவன் வேலைமுறை முடித்து எழும்போது எந்த இறைப்பி ஓடுகிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது, குளோரின் எப்போது விட்டது என்று பதிவேட்டில் எழுதி, வருகிறவனிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விடுவோம். எழுதாமல் எழுந்தால் வேலை போய்விடும். வருகிறவன் இரண்டாம்முறை குளோரின் விட்டுவிட்டால் ஊர் என்னாகும்? இருபதாண்டாக ஒருநாள் தவறியதில்லை. ஆனால் பிள்ளையைக் கைமாற்றும்போது ஒரு வரி எழுதியதில்லை, நீயும் எழுதியதில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக நடந்ததை விட்டுவிட முடியாது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு பத்தொன்பதாம் நாள் விசாரணைக்கு வருகிறது. நீ மறைத்து மாத்திரை அனுப்பியதாக ஒப்புக்கொண்டு உன் கையால் எழுதிய கடிதத்தை என் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். "இது போதும் சார், பிள்ளை உங்ககிட்டதான்" என்கிறார். அவள் எவ்வளவு துடித்தாள் என்பதைக் கட்டிலருகே இருந்து பார்த்தவன் என்ற முறையில் நானே எழுந்து சொல்லப்போகிறேன்.

அணிலின் அப்பா

*

மார்ச் 7

மகளின் அப்பாவுக்கு,

சொல்லுங்கள். எழுந்து நின்று சொல்லுங்கள். அவள் துடித்ததை நீங்கள் சொல்லும்போது, அவள் பட்டினி கிடந்ததை நான் சொல்கிறேன். "இங்கே எல்லாம் இருக்கிறது" என்ற உங்கள் கையெழுத்து என்னிடமும் இருக்கிறது. வாழைப்பழத்தையும் பாலையும் வைத்துக்கொண்டு எல்லாம் இருக்கிறது என்றவரை நீதிபதி பார்க்கட்டும். வெறும் வயிற்றில் அந்த மருந்து இன்னும் கொடியது என்று அந்த இளம் மருத்துவரே என்னிடம் சொன்னார். அவரையும் கூண்டில் ஏற்றுகிறேன். அவளுக்கு எத்தனைமுறை வாந்தி, எத்தனைமுறை ஊசி, எத்தனைமுறை "அம்மா" என்று கூப்பிட்டாள், எல்லாம் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். அவள் பட்ட ஒவ்வொரு வலிக்கும் உங்களிடம் விடை கேட்பேன்.

பேச்சில் என்னை வென்றவர் இதுவரை இல்லை. உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.

மகளின் அம்மா

*

ஏப்ரல் 12

அணிலின் அம்மாவுக்கு,

இதை அஞ்சலில் அனுப்புகிறேன். இனி எந்தக் கடிதத்தையும் அவள் பையில் வைக்காதே. அவள் பட்ட ஒவ்வொரு வலிக்கும் விடை கேட்பேன் என்று நீ எழுதிய மார்ச் ஏழாம் நாள் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். உறையின் மடிப்பு நீராவி பட்டுச் சுருங்கியிருக்கிறது. மேலே புதிதாகப் பசை. என் உறைகளையும் பார். நம் கடிதங்களை நமக்கு முன்னால் ஒருத்தி படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை.

நீதிபதி தீர்ப்பை இரண்டு மாதம் தள்ளி வைத்ததோடு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நோட்டு வைக்கச் சொன்னார் அல்லவா? அதை ஒழுங்காகவே எழுதி வருகிறேன். மாத்திரை, நேரம், கொடுத்தவர் என்று மூன்று கட்டம். அரை மாத்திரை, ஒரு நாளைக்கு இருமுறைக்கு மேல் வேண்டாம், அதுவும் வலித்தால் மட்டும் என்று முதல் பக்கத்தில் மருத்துவரே எழுதியிருக்கிறார். எட்டாம் நாள் கம்பி இறுக்கினார்கள். அன்று மாலை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"வலிக்குதா அணிலு?"

"இல்லப்பா."

"இறுக்கின அன்னிக்கே வலிக்காம இருக்குமா? அரை மாத்திரை போட்டுக்கறியா?"

"வலிக்கலப்பா. வலிச்சா சொல்ல மாட்டேனா?"

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வறுத்த ரொட்டியை என் முன்னாலேயே கடித்துத் தின்றாள். மென்றபோது காதுக்குக் கீழே நரம்பு துடித்தது. கண்ணில் நீர் நின்றது. சிரித்துக்கொண்டே தின்றாள், உதட்டை மூடியபடி. நான்கு நாள் பக்கங்களும் வெறுமையாகவே இருக்கின்றன.

நோட்டை அவளோடு அனுப்புகிறேன். உன்னிடமாவது அவள் சொன்னால், சண்டை வேண்டாம், எனக்கு ஒரு வரி எழுது.

அணிலின் அப்பா

*

ஏப்ரல் 17

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அவள் குளியலறையில் இருந்தாள். தண்ணீர் திறந்துவிட்ட ஓசை வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வாய்க்குள் ஒரு துணியைக் கடித்திருந்த அடையாளம் கன்னத்தோரத்தில் மடிப்பாகப் பதிந்திருந்தது.

பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் துவட்டினேன். பிறகுதான் கேட்டேன்.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"அம்மாகிட்ட சொல்லலாம். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நம் இருவரையும் நன்றாகத் தெரிந்த ஒருவர் பார்ப்பதுபோல் பார்த்தாள். எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்துவந்தாள். வெறுமையாக இருந்த பக்கத்தை விரித்தாள். மூடியைக் கழற்றிப் பேனாவை என் கையில் வைத்தாள்.

"அப்பாகிட்டயும் இல்லைன்னுதான் சொன்னேன். உங்ககிட்டயும் அதேதான் சொல்றேன். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கேன். மாத்தி எதுவும் சொல்லல. எழுதிக்கோங்க."

வலி இல்லை என்று எழுதிவிட்டேன்.

மகளின் அம்மா